லம்போர்கினி ஆலைக்குள் ஒரு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் எமிலியா-ரொமான்யா பகுதியில், போலோன்யாவுக்கும் மோதெனாவுக்கும் நடுவிலும் அக்கம்பக்கத்திலுமாக ஃபெராரி, லம்போர்கினி, பகானி மூன்றும் இருக்கின்றன. மூன்றுக்கும் அருங்காட்சியகம் உண்டு, டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம். ஆனால் கார் செய்யும் இடத்துக்குள் போவது வேறு சங்கதி. அங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள்.

மாரனெல்லோவில் ஃபெராரி ஆலைக்குள் கார் வாங்கியவர்களையும் அழைக்கப்பட்டவர்களையும்தான் விடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு பேருந்துச் சுற்று இருக்கிறது. ஆலை வளாகத்தின் உள்தெருக்கள் வழியாகவும் ஃபியோரானோ சோதனை ஓடுதளம் வழியாகவும் கூட்டிப்போவார்கள். இறங்க முடியாது, படம் எடுக்கவும் கூடாது. பகானி சின்னப் பட்டறை, ஒரு வேளைக்குச் சிலரைத்தான் அழைத்துப்போவார்கள். லம்போர்கினியில் மட்டும்தான், பெரிய ஆலை ஒன்றின் உற்பத்தி வரிசை ஓரமாகவே நடந்து, கார் உருவாவதை டிக்கெட் வாங்கிய யாரும் பார்க்க வழி இருக்கிறது. அதனால் முதன்முறை போகிறவர்கள் லம்போர்கினியை நடுவில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவதே சரி.

முதலில் நாளைப் பிடியுங்கள்

விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆலைச் சுற்றுக்கான இடம். லம்போர்கினியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இரண்டு வகை டிக்கெட் இருக்கும். ஒன்று அருங்காட்சியகத்துக்கு மட்டும். இன்னொன்று அருங்காட்சியகமும் ஆலையும் சேர்ந்தது. இரண்டாவது, முதலாவதைப் போலப் பல மடங்கு விலை. விலை குறைவாக இருக்கிறதே என்று முதலாவதை வாங்கி வந்து வாசலில் "ஆலை எங்கே?" என்று கேட்பவர்களுக்கு அங்கே வழி கிடையாது, அன்றைய சுற்றுகள் முன்பே நிரம்பியிருக்கும். இடைத்தரகர்கள் விற்கும் 'லம்போர்கினி சுற்றுலா'க்களில் பலவும் போக்குவரத்தோடு சேர்ந்த அருங்காட்சியக டிக்கெட்தான். 'ஆலை உற்பத்தி வரிசை' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆலைச் சுற்று வேலை நாட்களில்தான். சனி, ஞாயிறு மட்டும் கையில் இருந்தால் அருங்காட்சியகத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். இத்தாலிய விடுமுறைகளையும் பாருங்கள்: ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, நவம்பர் 1, டிசம்பர் 8. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் வட இத்தாலியின் ஆலைகள் மொத்தமாக மூடிவிடும். லம்போர்கினியும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சமயமும் அதே கதை. பள்ளி விடுமுறையை வைத்து ஆகஸ்டில் ஐரோப்பா போகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஜூலையில் அந்தச் சமவெளி சென்னை மாதிரியே புழுங்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். ஆலை டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியுமா, பணம் திரும்புமா என்ற நிபந்தனையைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். சிறுவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஆலைக்கான வயது நிபந்தனையையும் அங்கேயே பாருங்கள். சுற்றின் மொழியையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். இத்தாலிய மொழிச் சுற்றில் தெரியாமல் இடம் பிடித்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் வீண்.

சரியான வாசல் எது

லம்போர்கினி பெயரில் இரண்டு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஆலையோடு ஒட்டியது சாந்தாகத்தா போலோன்யேசே என்ற சிற்றூரில், வியா மோதெனா 12-ஆம் எண்ணில் இருக்கிறது. கொஞ்ச காலம் 'முடெடெக்' என்ற பெயரில் இருந்ததால் பழைய பயணக் குறிப்புகளில் அந்தப் பெயரே கிடக்கும். இன்னொன்று ஃபூனோ தி அர்ஜெலாத்தோவில் இருக்கும் ஃபெருச்சியோ லம்போர்கினி அருங்காட்சியகம். நிறுவனரின் மகன் தொனினோ அமைத்தது. இதற்கும் கார் ஆலைக்கும் சம்பந்தம் இல்லை. ஃபெருச்சியோ 1948-இல் தொடங்கிய டிராக்டர் தொழிலிலிருந்து அவருடைய சொந்த மியூரா வரை அங்கே இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் ஆலை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் உங்கள் நேரம் போய்விடும். வரைபடத்தில் தேடும்போது ஊர்ப் பெயரைச் சேர்த்தே தேடுங்கள்.

போகும் வழி

தங்குவதற்குப் போலோன்யாதான் வசதி. மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ 1 மணி நேரம், ஃபிளாரன்ஸிலிருந்து 40 நிமிடம், ரோமிலிருந்து 2 மணி நேரத்துக்குச் சற்றே கூட. போலோன்யாவில் பெரிய கண்காட்சிகள் நடக்கும் நாட்களில் ஹோட்டல் வாடகை எக்கச்சக்கமாக ஏறும். அப்படியானால் மோதெனாவில் தங்குங்கள்.

போலோன்யாவின் பேருந்து நிலையம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அங்கிருந்து 576-ஆம் எண் பேருந்து சாந்தாகத்தாவுக்குப் போகிறது. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை ஊருக்குள்ளேயே பெரிய சாலையோரம் இருப்பதால் இறங்கித் தேட வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால் நேர அட்டவணையில். 'ஃபெரியாலே' என்று போட்டிருந்தால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். 'ஃபெஸ்டிவோ' என்றால் ஞாயிறும் விடுமுறையும். 'ஸ்கோலாஸ்டிகோ' என்றால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும். கோடையில் அந்த வண்டி வராது. கடைக் கதவுகளில் காணும் 'ஃபெரியே' விடுமுறையைக் குறிப்பது, பேருந்துப் பலகையின் 'ஃபெரியாலே' அதற்கு நேர் எதிர். இந்த ஒரு சொல்லைக் குழப்பிக்கொண்டு வராத பேருந்துக்காக நிற்பவர்கள் உண்டு. இறங்கியதும் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், திரும்பும் வண்டி அங்கேதான் வரும்.

ரயிலில் போக விரும்பினால் வெரோனா தடத்தில் சான் ஜொவான்னி இன் பெர்சிசெத்தோ வரை போய், அங்கிருந்து டாக்ஸி. சில கிலோமீட்டர்தான். போலோன்யா நிலையத்தில் நடைமேடை எண்ணுக்குப் பின்னால் 'ஓவெஸ்ட்' என்று இருந்தால் அது மேற்குக் கோடியில் இருக்கும் தனி மேடை. வெறும் 3 வேறு, 3 ஓவெஸ்ட் வேறு. அங்கே நடக்கவே 5 நிமிடம் ஆகும். காகித டிக்கெட் வாங்கியிருந்தால் ஏறும் முன் மேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. சிற்றூர்களில் டாக்ஸி தெருவில் சுற்றாது. போகும்போதே திரும்புவதற்கும் நேரம் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தத்தை இத்தாலியில் 'ஷோபெரோ' என்பார்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் நடக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட சில மணி நேரம் வண்டி ஓடியே ஆக வேண்டும் என்பது விதி. ஆலைச் சுற்றை வெள்ளியில் வைக்காமல் செவ்வாய், புதனில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: போலோன்யா, மோதெனா நகர மையங்கள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகக்கூடிய பகுதிகள். நுழைவாயிலில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும், அதற்கு மேல் வாடகை நிறுவனத்தின் கட்டணமும் சேரும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அருங்காட்சியகம் முதலில், ஆலை பிறகு

டிக்கெட்டில் ஆலை நேரம்தான் கட்டாயம். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. ஆலையில் வழிகாட்டி நடந்துகொண்டே பேசுவார், சத்தம் இருக்கும், நின்று யோசிக்க நேரம் இருக்காது. எந்தப் பாகம் எங்கே, ஏன் என்பதை முன்பே கண்ணில் வாங்கியிருந்தால்தான் அங்கே நடப்பது புரியும்.

காட்சியில் இருக்கும் கார்கள் அவ்வப்போது மாறும். எது இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றுங்கள்: எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் எங்கே?

1964-இல் வந்த 350 ஜிடி காரில் வி12 எஞ்சின் (12 சிலிண்டர்களை V வடிவில் அடுக்கியது) வழக்கம்போல முன்னால். 1966-இல் வந்த மியூராவில் அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், குறுக்காகப் படுத்திருக்கிறது. பின்கண்ணாடிக்குப் பதிலாக இருக்கும் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே குனிந்து பாருங்கள், கார்பரேட்டர்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். இடம் பற்றாமல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பில் செய்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைச் சுற்றவிட்டார்கள். பல்சக்கரம் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் எஞ்சினுக்கும் போகும் என்பதுதான் இதன் குறை. மியூராவின் எஸ்வி வகையில் கடைசியாக வந்த கார்களில் எண்ணெயைப் பிரித்தார்கள். பெட்ரோல் தொட்டி முன்னால். அது காலியாகக் காலியாக மூக்கு லேசாகி, அதிவேகத்தில் முன்பக்கம் மிதக்கப் பார்க்கும். அழகுக்கு அது கொடுத்த விலை.

அடுத்தது கூன்டாஷ். 1971-இல் மாதிரி வந்தது, 1974-இல் விற்பனைக்கு வந்தது. மேலே திறக்கும் கதவைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் அகலமான மேட்டைப் பாருங்கள். பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானி எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு முன்னால், அதாவது ஓட்டுநர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கியர் கம்பி நேராகப் பெட்டியின் மேலேயே நிற்கும், மியூராவைப் போல நீண்ட இணைப்புத் தண்டுகள் தேவையில்லை. எடையும் காரின் நடுவுக்கு வந்தது. ஆனால் சக்தி மறுபடியும் பின்சக்கரத்துக்குப் போக வேண்டுமே. அதற்காக ஒரு தண்டு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே புகுந்து பின்னால் போகிறது. இந்த அடுக்குமுறை அப்படியே டியாப்லோ, முர்சியெலாகோ, அவென்டடோர் என்று 2022 வரை தொடர்ந்தது.

இதைத் தெரிந்துகொண்டு 2023-இல் வந்த ரெவுவெல்டோவின் பக்கம் வாருங்கள். அரை நூற்றாண்டாகக் கியர்பாக்ஸ் இருந்த அந்த நடு மேட்டில் இப்போது 3.8 கிலோவாட்-மணி பேட்டரி இருக்கிறது. எஞ்சினை 180 பாகை திருப்பிவிட்டு, கியர்பாக்ஸை அதன் பின்னால் குறுக்காக வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு மின்மோட்டார், பின்னால் ஒன்று. 6.5 லிட்டர் வி12-இன் எடை 218 கிலோ. அது மட்டும் 825 குதிரைத்திறன், மோட்டார்களோடு சேர்ந்து 1015. அன்றைய சுற்று இதன் வரிசைக்குப் போனால், ஆலைக்குள் இந்தக் காரைத்தான் பிரித்த நிலையில் பார்க்கப் போகிறீர்கள்.

செஸ்டோ எலெமென்டோ காட்சியில் இருந்தால் அதற்கும் 10 நிமிடம் கொடுங்கள். பெயருக்கு 'ஆறாவது தனிமம்' என்று பொருள், அதாவது கார்பன். வி10 எஞ்சினோடு சேர்த்து மொத்த எடை 999 கிலோ. சீட் என்று தனியாக ஒன்று கிடையாது. உடற்சட்டத்திலேயே மெத்தைத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள்.

ஆலைக்குள்

குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக வரவேற்பு மேசையில் இருங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெரிய பெட்டியோடு வராதீர்கள், போலோன்யா ரயில் நிலையத்திலேயே காசு கொடுத்துப் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது. விரல் தெரியும் செருப்பு வேண்டாம், மூடிய தட்டைக் காலணி போதும். உள்ளே கைபேசியைப் பயன்படுத்தக் கூடாது. வாடிக்கையாளர்கள் தனக்கென்று சொல்லிச் செய்யும் கார்களும், வெளிவராத மாதிரிகளும் அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் நடமாடும். படம் எடுக்க முயன்றால் சுற்று அங்கேயே முடியும்.

சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். எந்த வரிசை, எந்தப் பகுதி என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது. முதலில் வியப்பைத் தருவது அமைதி. கார் ஆலை என்றால் நினைவுக்கு வரும் தீப்பொறியும் வெல்டிங் ரோபோக்களும் இந்த வரிசையில் இல்லை. பெயின்ட் அடித்த உடற்கூடு வருகிறது, கீறல் படாமல் மேலே உறை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஓரிருவர், பக்கத்தில் அந்தக் காருக்கு மட்டும் வேண்டிய பாகங்களை அடுக்கிய தள்ளுவண்டி. இதைக் கவனியுங்கள். இரண்டு கார்கள் அடுத்தடுத்து ஒரே மாதிரி வருவது அபூர்வம் என்பதால், குவியலில் இருந்து எடுத்தால் தவறு நேரும். அதனால் ஒரு காருக்கு ஒரு வண்டி என்று முன்பே பொறுக்கி அடுக்கிவிடுகிறார்கள். போல்ட் முடுக்கும் கருவியைப் பாருங்கள், கணினியோடு இணைந்தது. எவ்வளவு விசையில் இறுகியது என்பது அந்தக் காரின் கணக்கில் பதிவாகும். இறுக்கம் குறைந்தால் அடுத்த வேலைக்குப் போக முடியாது.

எஞ்சினும் உடற்கூடும் சேரும் நிலையத்தில் கொஞ்சம் பின்தங்கி நில்லுங்கள். கூன்டாஷில் பார்த்த மேடு இங்கே திறந்து கிடக்கும், பேட்டரி போகும் இடம் எவ்வளவு ஒடுக்கம் என்று தெரியும். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்ததன் பலன் இங்கேதான்.

பிறகு தோல் பிரிவு. பலர் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், கூடாது. முழுத் தோலை மேசையில் விரித்து, ஒருவர் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவார். பூச்சி கடித்த தடம், முள்கம்பி கீறிய வடு, கழுத்துச் சுருக்கம் எல்லாம் கைக்குத்தான் முதலில் தெரியும். அவற்றைக் குறித்துவிட்டால், மிச்சமிருக்கும் நல்ல பரப்பில் துண்டுகளை எப்படி நெருக்கி அடுக்குவது என்று பார்த்து வெட்டுகிறார்கள். தையலில் நூல் வளையும் இடங்களைப் பாருங்கள், வளைவில் தையல் இடைவெளி மாறாமல் கொண்டுபோவதுதான் கைத்திறன்.

கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். "இது எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?" என்று கேட்டால் இணையத்தில் கிடைக்கும் பதிலே வரும். "இந்த நிலையத்தில் எது அடிக்கடி திருத்தத்துக்குப் போகிறது?", "பேட்டரியை ஏன் இந்த நிலையத்தில் பொருத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள், வழிகாட்டியின் முகமே மாறும். வெளியே வந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததை எழுதி வையுங்கள். படம் இல்லாத இடம், எழுதாவிட்டால் இரண்டு நாளில் கலங்கிவிடும்.

சாப்பாடு

மதியம் 12:30-லிருந்து 2:30-க்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதன் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இரவு 7:30-க்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். இந்த வட்டாரச் சமையல் பன்றியைச் சுற்றியே நடக்கிறது. சைவர்கள் ஓர் எழுத்தைக் கவனித்தாலே போதும்: சின்னதாக இருக்கும் தோர்த்தெல்லினியின் பூரணம் பன்றி இறைச்சி. பெரிதாக இருக்கும் தோர்த்தெல்லோனியில் பெரும்பாலும் ரிகோத்தா பாலாடையும் கீரையும். ஞொக்கோ ஃபிரித்தோ என்று பூரி மாதிரி உப்பி வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம், மரபாக அதைப் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

மோதெனாவில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே என்சோ ஃபெராரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அவர் பிறந்த வீடும், யான் கப்லிட்ஸ்கி வடிவமைத்த மஞ்சள் கூரைக் கட்டடமும் அங்கே. மாரனெல்லோ அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஷட்டில் பேருந்து ஓடுகிறது. பேருந்துச் சுற்றுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும்.

மாரனெல்லோவில் அருங்காட்சியகத்துக்கு வெளியே ஃபெராரியை ஓட்டக் கொடுக்கும் தனியார் கடைகள் வரிசையாக இருக்கும். அவை ஃபெராரி நிறுவனத்தின் கடைகள் அல்ல. 10 நிமிடம் என்றால் ஊருக்குள் சிக்னலும் வேகத் தடையுமாகவே முடிந்துவிடும். எடுப்பதானால் மலைச்சாலை வரை போகும் நீண்ட ஓட்டத்தை எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன், கார் இடிபட்டால் காப்பீட்டுக்கு மேல் உங்கள் தலையில் விழும் தொகை எவ்வளவு என்று தாளில் தேடிப் படியுங்கள். சில ஆயிரம் யூரோ இருக்கலாம். சர்வதேச அனுமதிச் சீட்டு இங்கேயும் கேட்பார்கள்.

மனமும் பணமும் இடம் கொடுத்தால், அந்த ஓட்டத்துக்கான காசை வைத்து சான் சேசரியோ சுல் பனாரோவில் இருக்கும் பகானிக்குப் போங்கள். ஒராசியோ பகானி அர்ஜென்டினாவில் பிறந்து, லம்போர்கினியில் கார்பன் ஃபைபர் வேலை பார்த்து, பிறகு தனியே பிரிந்து 1999-இல் சொன்டா என்ற காரைக் கொண்டுவந்தவர். அங்கே உடற்கூட்டின் நடுக்கோட்டுக்கு நேராக நின்று பாருங்கள். இடமும் வலமும் தனித்தனியாகப் போர்த்திய கார்பன் துணியின் சாய்வு இழைகள், நடுவில் மீன்முள் போல இழைக்கு இழை சேர்ந்திருக்கும். துணியை அச்சில் விரிக்கும்போது ஓர் இழை நகர்ந்தாலும் அந்த வரிசை உடைந்துவிடும், பிறகு திருத்த வழியில்லை. கதவைத் திறந்து காட்டினால் டைட்டானியம் போல்ட் ஒன்றின் தலையைக் குனிந்து பாருங்கள், ஒவ்வொன்றிலும் பகானி முத்திரை பொறித்திருக்கும்.